கம்பஸ் படிப்போடு பின்னேர வேலை: புடவைக்கடைக்கு ஓம் சொல்லவா?

வேலணைப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், விஞ்ஞான பீடம், இரண்டாம் வருடம். திருநெல்வேலியில் போர்டிங், வீடு வேலணையில். அப்பா நண்டுத் தொழில். 2022 ஆவணியில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறிய நாளிலிருந்து வீட்டுக் கணக்கு நேராகவே இல்லை. போன மாதம் வலையில் பாதியை றோலர் (இழுவைப் படகு) இழுத்துக்கொண்டு போய்விட்டது. தம்பிக்கு அடுத்த வருடம் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை.

பெரியகடைப் பக்கம் ஒரு புடவைக்கடையில் வேலை இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பின்னேரம் 4 முதல் 8, சனிக்கிழமை காலை 9 முதல் 6. மாதம் 18,000. எனக்குக் கிழமையில் மூன்று நாள் பிராக்டிக்கல் முடியவே 4 மணி. "கொஞ்சம் பிந்தினால் பரவாயில்லை" என்று முதலாளி சொல்கிறார். பர்சரி (மாணவர் உதவித்தொகை) கிடைக்கிறது, ஆனால் அது வரும் நாளை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா அறிந்தால் "நான் செத்துப் போனேனா?" என்று கேட்பார். யாராவது இப்படி வேலையும் படிப்புமாகச் சமாளித்திருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆரியகுளத்தான்

எடும். யோசிக்காதேயும். வருகிற காசைத் தள்ளினால் பிறகு தேடினாலும் வராது.

கனடாக்கிழவன்

பிள்ளை, பயப்பட வேண்டாம். நான் ரொறன்ரோவில் கொலிஜில் படித்தபோது இரவில் ஒரு பேக்கரியில் மாவு மூட்டை இறக்கினேன். காலை எட்டு மணிக்கு வகுப்பு. தலைமயிரில் மாவோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே டொக்டரின் மகனும் கடையில் நின்று பில் போடுவான், யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில்தான் படிக்கிற பிள்ளை வேலைக்குப் போனால் குடும்பம் இறங்கிவிட்டது என்று கதைப்பார்கள். அந்தக் கதையைக் காதில் போடாதீர்கள்.

மணிக்கணக்கன்

வேலை செய்வது கேவலமில்லை என்பதில் அண்ணையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அண்ணை இருக்கும் அதே கனடா, வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று 2024 நவம்பரில் எல்லை வைத்தது. பிரித்தானியாவில் அது 20. தங்கச்சிக்கு வந்திருக்கிற வேலையைக் கூட்டிப் பாருங்கள்: ஐந்து நாளுக்கு 20, சனிக்கிழமை 9. மொத்தம் 29.

அதோடு, அங்கே பல இடங்களில் பாட நேரத்தை மாணவரே ஓரளவு தெரிவு செய்யலாம். இங்கே அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் நேரம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். லெக்சர், பிராக்டிக்கல், அறையில் இருந்து படிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாம் அதற்குள் அடங்கும். வருடத்துக்கு 30 கிரடிட், செமஸ்டருக்கு 15. அப்படியென்றால் 750 மணித்தியாலம். 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 50. வேலையின் 29ஐச் சேர்த்தால் 79. கிழமைக்கு மொத்தமே 168. ஏழு மணித்தியாலம் தூங்கினால் 119 மிஞ்சும், அதில் 79 போனால் 40. நாளுக்கு ஆறுகூட இல்லை. குளிப்பு, சாப்பாடு, உடுப்புத் தோய்ப்பு, சைக்கிள் ஓட்டம், வேலணைக்குப் போய்வருவது எல்லாம் அதற்குள்தான். தாளில் பார்த்தால் முடியும் போலத்தான் இருக்கும். தாளில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.

ஆரியகுளத்தான்

இப்படிக் கணக்குப் பார்த்தால் கலியாணமும் கட்ட முடியாது அண்ணை. யார் கிழமைக்கு 50 மணித்தியாலம் படிக்கிறான்?

மணிக்கணக்கன்

நானும் படிக்கவில்லை. அதனால்தான் பட்டத்தில் எனக்கு வந்த கிளாஸைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை.

ரிப்பீட் ராசா

நான் செய்து பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலாம் வருடம், இரண்டாம் செமஸ்டர். டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடை, பெயர் வேண்டாம். பின்னேரம் 5 முதல் இரவு 10 வரை. ஓடர் எழுதுவது, கொத்துப் பார்சல் கட்டுவது, பில் போடுவது. இரவுச் சாப்பாடு இலவசம். உண்மையைச் சொன்னால் சம்பளத்தைவிட அதுதான் என்னை இழுத்தது. முதல் ஆறு கிழமை ராசா மாதிரி இருந்தேன். வீட்டுக்கு அனுப்பினேன், அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன், சைக்கிளுக்கு இரண்டு புது ரயர் போட்டேன்.

பத்து மணி என்றால் மேசை துடைத்து, தட்டு எண்ணி, கல்லாக் கணக்கு முடிந்து பதினொன்று ஆகும் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. அறைக்கு வந்து படுக்கப் பன்னிரண்டு. காலை எட்டு மணி லெக்சரில் முதல் வரிசையில் இருந்து தூங்கினேன். சேர் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். பிறகு "போய்த் தூங்குவதைவிட அறையிலேயே தூங்கலாம்" என்று ஒரு ஞாயம் கண்டுபிடித்தேன். கூட்டாளி ஒருவன் எனக்காகக் கையெழுத்து வைத்தான். அவன் வைத்தும் ஒரு பாடத்தில் 80 வீத வரவு வரவில்லை, பரீட்சைக்கு இருக்கவே விடவில்லை.

மற்றப் பாடம் போனது கடையால். பரீட்சைக்குப் பத்து நாள் லீவு கேட்டேன். அது நல்லூர்த் திருவிழாக் காலம், 25 நாளும் கடை நிரம்பி வழியும். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இடியப்பமும் சொதியும் அறைக்குக் கொடுத்துவிட்டவர். ஆனால் "தம்பி, தேரன்று நீ இல்லாவிட்டால் நான் ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. தேரன்று இரவு பன்னிரண்டு வரை பார்சல் கட்டினேன். அதற்கு அடுத்த நாள் இரசாயனப் பேப்பர். முதல் கேள்வியை மூன்று தரம் வாசித்தும் தலைக்குள் ஏறவில்லை.

தவறிய பாடத்தைத் திரும்ப எழுதும் ரிப்பீட்டில் எவ்வளவு திறமாக எழுதினாலும் "சி"க்கு மேல் போடமாட்டார்கள். அந்த இரண்டு "சி"யும் இன்றைக்கும் என் பெறுபேற்றுத் தாளில் இருக்கின்றன. இன்டர்வியூவில் விரலை வைத்துக் கேட்கிறார்கள். கொத்துரொட்டி என்று எப்படிச் சொல்வது?

தங்கச்சி, வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கலண்டரை எடுங்கள். உங்கள் பரீட்சை எப்போது, கடைக்கு வியாபாரம் உச்சத்துக்கு ஏறுவது எப்போது என்று இரண்டையும் அதில் குறியுங்கள். புடவைக்கடை என்றால் தீபாவளி, நத்தார், தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு.

வேலணைப்பிள்ளை

ஐயோ அண்ணா. செமஸ்டர் பரீட்சை ஐப்பசியில் என்று கதைக்கிறார்கள். தீபாவளியும் அப்போதுதான்.

கேற் பூட்டும் நேரம்

ஆண்கள் எல்லோரும் நேரக் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள். எட்டு மணிக்குக் கடை பூட்டினால் அவர் திருநெல்வேலிக்கு வர எட்டரை, ஒன்பதாகும். தனியாக, சைக்கிளில். போர்டிங் கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? நான் இருந்த வீட்டில் ஏழரை. எனக்கு ஒரு ஃபார்மசியில் வேலை கிடைத்தது, அறை போய்விடும் என்ற பயத்திலேயே விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்து கம்பஸ் போகிற பெண்பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு பகுதிநேர வேலை உண்டு: காலையில் சமையல், பின்னேரம் தம்பி தங்கையின் படிப்பு, இரவில் பாத்திரம். அதற்குச் சம்பளம் இல்லாததால் யாரும் எண்ணுவதில்லை. தங்கச்சி போர்டிங்கில் இருக்கிறார் என்பது இந்த ஒரு விடயத்தில் வசதிதான்.

நீர்வேலி வாழைக்குலை

அக்கா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். நான் காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் நின்று பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் கம்பஸ் போகிறேன். "பகுதிநேர வேலை இருக்கிறதா?" என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆல்பம் அக்கா

ராசா கலண்டர் என்று சொன்னதில் எனக்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு. உச்ச காலம் எல்லா வேலையிலும் வரும். அந்த வேலையை இரண்டு கிழமை தள்ளிவைக்க முடியுமா என்றுதான் நான் பார்ப்பேன்.

நான் கலைப்பீடத்தில் படிக்கும்போது ஒரு ஸ்டூடியோவுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுத்தேன். யூலை, ஓகஸ்ட்டில் வெளிநாட்டு ஆட்கள் வந்து பிள்ளைகளின் சாமத்தியவீட்டை இங்கே வைப்பார்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் கலியாணம் தொடங்கிவிடும். படங்கள் வந்து குவியும். ஆனால் கலியாணம் முடிந்த வீடு ஆல்பத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்கும். கொத்துக்கு வந்தவர் பத்து நிமிடம் காத்திருக்கமாட்டார். சேலை எடுக்க வந்த அம்மாவும் அப்படித்தான், நீங்கள் அந்த நேரத்தில் அங்கே நின்றே ஆக வேண்டும். பரீட்சைக் காலத்தில் நான் ஸ்டூடியோ அண்ணாவிடம் திகதியைச் சொல்லிவிட்டு கொம்பியூட்டரையே மூடிவைப்பேன். பரீட்சை முடிந்த அன்று இரவே ஆயிரம் படத்தோடு இருப்பேன்.

சுகமான வேலை என்று நினைக்க வேண்டாம். நல்ல கொம்பியூட்டர் வேண்டும், போட்டோஷொப் கைக்கு வர ஐந்தாறு மாதம் பிடிக்கும், கண் போகும். காசு ஸ்டூடியோவுக்கு வந்த பிறகுதான் எனக்கு வரும். 2022இல் கரன்ட் போய்ப் போய் வந்த காலத்தில் சேமிக்காத ஒரு முழு ஆல்பம் காற்றில் போனது. மணமகள் அவுஸ்திரேலியாவில் இருந்து தினமும் வட்ஸப்.

ரியூசன் சேர்

விஞ்ஞான பீடப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு புடவைக்கடைக்குப் போக வேண்டுமா? தரம் 9, 10 பிள்ளைகளுக்குக் கணிதம், விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிற வீடு ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறது. நான் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு பேருடன் தொடங்கினேன். ஆளுக்கு 1,500, கிழமைக்கு இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம். மாதம் 9,000க்குப் பன்னிரண்டு மணித்தியாலம். புடவைக்கடையில் 18,000க்கு நான்கு கிழமையில் 116. அங்கே மணித்தியாலத்துக்கு 155, இங்கே 750.

மணிக்கணக்கன்

சேர், தயார்படுத்துகிற நேரத்தை விட்டுவிட்டீர்கள்.

ரியூசன் சேர்

ஓம், அது சரி. முதல் இரண்டு மாதம் வகுப்புக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வீட்டிலும் போகும். அப்படியிருந்தும் 375.

கெடுதியையும் சொல்லவேண்டும். ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளை எடுத்தால் நீங்கள் முடிந்தீர்கள். அவர்களுக்கு நவம்பரில் பரீட்சை என்றால் செப்டெம்பரிலிருந்து பெற்றோர் இரவு ஒன்பது மணிக்கும் ஃபோன் எடுப்பார்கள், "சேர், இன்னும் ஒரு பாஸ்ட் பேப்பர் செய்விக்கலாமா?" அந்தப் பிள்ளையின் பெறுபேற்றுக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுகிறீர்கள், உங்கள் பெறுபேறு அடுத்த கதிரைக்குப் போகிறது. என் கூட்டாளி ஒருவன் பெரிய ரியூட்டரியில் பெயரெடுத்த சேர். கம்பஸில் கடைசி வருட ஆய்வு இன்னும் கொடுக்கவில்லை. அதனால் சின்ன வகுப்பு, ஆறேழு பேர், அதற்கு மேல் வேண்டாம்.

ஆரியகுளத்தான்

பிள்ளை சேர்கிறவரைக்கும் போர்டிங் வாடகையை யார் கொடுப்பது? கடை முதல் மாதமே சம்பளம் தரும். விறாந்தையில் மூன்று மாதம் இரண்டு பேரோடு இருந்த ஆட்களையும் எனக்குத் தெரியும்.

ரியூசன் சேர்

அதுவும் உண்மைதான். நான் தொடங்கியபோது அக்காவின் மகனும் அவனுடைய கூட்டாளியும்தான். ஆறு பேர் வர ஒரு தவணை சென்றது.

குருநகர் கணக்கு

நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவன். பகலில் வேலை, சனி ஞாயிறில் குருநகரில் கணக்கியல் உயர் டிப்ளோமா, பகுதிநேரப் பிரிவு. கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழக நிலையமும் வேலை செய்கிறவர்களை நினைத்து நடப்பதுதான். அங்கே வேலைதான் அச்சு, படிப்பு அதைச் சுற்றி ஓடுகிறது. தங்கச்சி இருக்கும் இடம் முழுநேர உள்வாரி. பாடநேரத்தை ஒருவரும் உங்களுக்காக மாற்றமாட்டார்கள். வளைய வேண்டியது வேலைதான், அது வளையாவிட்டால் அந்த வேலை உங்களுக்கு இல்லை.

போகத்தான் போகிறீர்கள் என்றால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2026 ஜனவரியில் இருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000, நாட்சம்பளம் 1,200. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 150. நான்கு கிழமைக் கணக்கில் உங்களுக்குச் சொன்ன தொகை அதற்குக் கீழே இல்லை, அந்த முதலாளியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவாரா என்று கேளுங்கள். பகுதிநேரம், தற்காலிகம் என்றாலும் அது உண்டு. உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 1,440. அவர் போடவேண்டியது 12 வீதம், 2,160. ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 540, அதுவும் அவருடையது. "நீ ஸ்டூடன்ட்தானே, உனக்கு எதற்கு?" என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நான் இரண்டு வருடம் நம்பிக்கொண்டு இருந்தேன்.

அதோடு பரீட்சை லீவு. திகதி தெரிந்தவுடன் எத்தனை நாள் தருவார், அந்த இடத்தில் வேறு ஆள் போட்டால் பிறகு உங்களைத் திரும்ப எடுப்பாரா? அவர் வாயால் சொல்லவேண்டும். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பாருங்கள்.

நூலகத்து மூலை

ஒருவரும் பர்சரியைப் பற்றிக் கதைக்கவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசிலை 5,000இலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். உமக்குப் புதிய தொகைதான் வருகிறதா, நிலுவை ஏதும் நிற்கிறதா என்று நலச்சேவைப் பக்கம் போய்க் கேட்டீரா? வெட்கப்பட வேண்டாம், அங்கே தினமும் ஒரு வரிசை நிற்கும். வேலைக்குச் சேர முன்னர், பர்சரிக்குக் கையெழுத்து வைத்தபோது இருந்த நிபந்தனைகளையும் ஒருக்கால் வாசித்துவிடும். வீட்டுக்குக் காசு இல்லை என்று மாணவ ஆலோசகரிடம் சொன்னதற்காக யாரும் கீழே போனதில்லை. நான் சொன்னேன், அவர் எனக்கு ஒரு வீட்டு வகுப்பைப் பிடித்துத் தந்தார்.

கனடாக்கிழவன்

எல்லாம் வாசித்தேன். நான் மாவு மூட்டை இறக்கிய அந்த வருடம் இரண்டு பாடம் கோட்டை விட்டதை முதலில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அங்கே அடுத்த தவணையில் காசு கட்டித் திரும்ப எடுத்தேன். மற்றபடி வேலை செய்வதில் வெட்கமில்லை என்று சொன்னது சொன்னதுதான்.

ரிப்பீட் ராசா

அண்ணை, கையைக் கொடுங்கள்.

வேலணைப்பிள்ளை

(பதினேழு நாளுக்குப் பிறகு)

என்ன நடந்தது என்று கேட்டு மூன்று பேர் தனிச்செய்தி போட்டிருந்தீர்கள். பிந்தியதற்கு மன்னிக்கவும், பிராக்டிக்கல் ரிப்போர்ட் நான்கு சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். ஈபிஎஃப் கேட்டதற்கு முதலாளி முகம் மாறவில்லை, "அது பார்க்கலாம் பிள்ளை" என்றார். பரீட்சை லீவு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "தீபாவளி முடியட்டும், பிறகு எத்தனை நாள் வேண்டுமென்றாலும் எடும்." பரீட்சை தீபாவளிக் கிழமையில்தான் என்று சொன்னேன். சிரித்தார். சனிக்கிழமை மட்டும் வரலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமையே வேறு ஒரு பிள்ளை நின்றது. அன்று இரவு கொஞ்சம் அழுதேன், 18,000 சின்னக் காசு இல்லை.

நலச்சேவைப் பக்கம் போனேன். நிலுவை ஒன்றும் இல்லை, கணக்கு நேராகத்தான் இருக்கிறது. பிறகு போர்டிங் அம்மாவிடம் விறாந்தை கேட்டேன். முதலில் "செருப்பு முழுக்க வாசலில் கிடக்கும்" என்று மறுத்தார். பிறகு தன் தங்கையின் மகளையே முதல் ஆளாகக் கொண்டுவந்து விட்டார். அவளுக்கு ஃபீஸ் பாதி. இப்போது ஐந்து பேர், தரம் 9உம் 10உம், செவ்வாயும் சனியும். எல்லாம் சேர்த்து 6,750. ஒரு பிள்ளையின் தாய் இன்னும் தரவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இது கடைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. வாடகை போக வீட்டுக்கு 2,000 அனுப்பினேன்.

அப்பாவிடம் பர்சரி நிலுவை வந்தது என்று சொன்னேன். "அடுத்த மாதமும் நிலுவை வருமோ?" என்று கேட்டார்.

ஆரியகுளத்தான்

அந்தத் தாயிடம் நான் கேட்டு வாங்கித் தரவா?

கேற் பூட்டும் நேரம்

அப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. விறாந்தையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்.

வேலணைப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறேன் அக்கா, அப்போது சொல்கிறேன். இப்போது ஒருத்தி பின்னத்தைப் பின்னத்தால் பிரிக்கும்போது ஏன் தலைகீழாகப் போடவேண்டும் என்று கேட்டுவிட்டு நிற்கிறாள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.